துரும்பு கொடுக்க வந்தவர்கள்

மாதர் நலப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சில அனுபவங்களை எழுதித் தருகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டபோது, என் மகள் புஷ்பம் அவள் கணவன் வீட்டில் இருந்தாள். இப்போது என் வீட்டில், அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். அவள் புரளும் சத்தம் கேட்டால் என் பேனா நின்றுவிடுகிறது. அதனால் இது கோவையாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பிரசவத்துக்கு அவளை ஆவுடையார்கோவிலிலிருந்து அழைத்து வந்தோம். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, சுவரோரமாகப் புதைத்தார்கள். மாப்பிள்ளைதான் கையில் ஏந்திக்கொண்டு போனார். போகும் முன் மகள் கையை நீட்டினாள். “வேணாம்டி, பாத்தா தாங்க மாட்டே” என்று நான்தான் துணியை இழுத்து மூடினேன்.

அவள் உடம்பு தேறிவிட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர், சாது. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வருகிறார். என் கணவரோடு ஹாலில் உட்கார்ந்து மாறுதல் உத்தரவு, அரிசி விலை என்று பேசுகிறார். என் மகள் அடுப்படியில் காபி கலந்து என் கையில் கொடுக்கிறாள். நான் அவர் கையில் கொடுக்கிறேன். டம்ளர் அதே வழியாகத் திரும்பி வருகிறது. அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நான் காணவில்லை. போன வாரம் சம்பந்தி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: ஈஸ்டருக்குள் பெண்ணை அனுப்புங்கள், இல்லையென்றால் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. எங்கள் சபையில் விவாகரத்து கிடையாது. பிரிந்து கிடப்பதற்கு யார் உத்தரவும் தேவையில்லை.

அக்கம்பக்கத்தார் என்னிடம், “ஊரார் புள்ளைகளை எல்லாம் சேத்து வச்சீங்க, ஒங்க புள்ளைக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?” என்கிறார்கள். இரக்கத்தோடுதான் கேட்கிறார்கள். அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று எனக்கே மறந்துபோனது போல இருக்கிறது. நினைவுபடுத்திக்கொள்ளவும்தான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இணைந்த அடுத்த ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்தேன். தாய்மார்களுக்குப் பால்பொடி கரைக்கக் கற்றுக்கொடுப்பதும், மாதர் சங்கம் நடத்துவதும்தான் எங்கள் பணி என்று உத்தரவில் இருந்தது. புருஷன் பெண்சாதிச் சண்டை பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. ஆனால் பால்பொடி டப்பாவைத் திறக்கும் முன் பெண்கள் தங்கள் மனதைத் திறந்துவிடுவார்கள். நீங்களும் பார்ப்பீர்கள்.

எனக்கு மேலே ஒரு மூத்த அம்மா இருந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், வெற்றிலை போடுவார், குரல் கனமானது. அவர் மாட்டு வண்டியிலிருந்து இறங்கினால் மடித்துக் கட்டிய வேட்டிகள் தாமாகக் கீழே இறங்கும். அவர் கண் முன்னால் நான் முதன்முதலாகச் சமாதானம் பேசியது மீமிசலில், கருவாடு விற்கும் ஒரு தம்பதிக்கு. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் முதலில் கை நீட்டிப் பேசியது, யார் முதலில் சோற்றைத் தள்ளியது என்று வரிசையாக விசாரித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எழுந்தாள்.

“ஏம்மா, எங்க வீட்டுச் சோத்தை அவரு தள்ளுனா ஒங்களுக்கு என்ன? போலீசா நீங்க?”

புருஷனும் சேர்ந்துகொண்டான். “அதானே! இவுகளுக்கு எதுக்கு நம்ம கதை? வா புள்ள போவோம்.”

இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள். மூத்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வண்டியில் வரும்போது சொன்னார்: “சேத்து வச்சுட்டியே! ஒன்னத் திட்டுறதுல ரெண்டும் ஒண்ணாயிருச்சு.” பிறகு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்: “தப்பு யார் மேலன்னு தேடுனா ஒனக்கு ரெண்டு வக்கீல் கெடைப்பாங்க. புருஷன் பொஞ்சாதி கெடைக்க மாட்டாங்க. நடுவுல ஒக்காராதே. நடுவுல ஒக்காந்தா ரெண்டு பேரும் ஒன்னையத்தான் பாப்பாங்க. ஓரமா ஒக்காரு.”

ஓரமாக உட்காருவது எவ்வளவு கடினம் என்று அன்று எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடிக்கிற கை உள்ள வீட்டில் நான் இனிச் சொல்லப்போவதைச் செய்யாதீர்கள். அங்கே முதல் வேலை அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவந்து பத்திரமான இடத்தில் வைப்பது. கணவன் எதிரில் அவளை உட்கார வைத்து “மனசைத் திறந்து பேசு” என்றால், அவள் பேசியதற்கெல்லாம் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாம் பஸ் ஏறிப் போய்விடுவோம். அவள் கண்ணைப் பாருங்கள். பதில் சொல்லும் முன் அவன் கையைப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். பார்த்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நான் சொல்லும் கதை அந்த மாதிரி வீட்டில் நடந்தது இல்லை.

கறம்பக்குடிக்கு அந்தப் பக்கம், கடலைக் கொல்லையும் முந்திரித் தோப்புமான ஒரு ஊர். அடைக்கன் என்றொரு விவசாயி, அவன் மனைவி சின்னப்பொண்ணு. இரண்டு பேருமே இருபதுகளில் இருந்தார்கள். தவழத் தொடங்கியிருந்த அவர்களுடைய பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. சின்னப்பொண்ணு எங்கள் மாதர் சங்கத்துக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள், அதனால் எனக்குப் பழக்கம். பிறகு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அங்கே குழந்தை இறந்தால் பெரிய துக்கம் கிடையாது. தகப்பன் எடுத்துப்போய்க் கண்மாய்க்கரையில் புதைத்துவிட்டு வந்து குளிப்பான். பெண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. தாய் வாய்விட்டு அழவும் கூடாது. பச்சைப் பிள்ளைக்கு அழுதால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். எல்லாரும் அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாயை அடைத்தார்கள். குழந்தை கிடந்த தொட்டில் சேலையைக்கூட யாரோ அவிழ்த்து எடுத்துப்போய்விட்டார்கள்.

சில மாதங்களில் அந்த வீடு பிளந்துவிட்டது. அவள் அவனுக்குச் சோறு வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். அவன் பக்கத்தில் வந்தால் எழுந்துவிடுவாள். அவன் பொழுது சாய்ந்தால் வீட்டில் தங்குவதில்லை. எங்கே போகிறான் என்று சொல்வதில்லை. சாராயம் என்றார்கள் சிலர். வேறு பெண் என்றார்கள் சிலர். கடைசியில் அவளுடைய அண்ணன் வைரக்கண்ணு வந்து தங்கையை அழைத்துப் போய்விட்டான். உறவை முறிக்க நாள் குறித்தார்கள்.

அந்த ஊரில் கல்யாணத்தை முறிப்பது எளிது. ஊர் கூடியிருக்கும்போது கணவன் ஒரு துரும்பை எடுத்துப் பெண்ணின் பக்கத்தாரிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. பிறகு அவளை வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கலாம், அவனும் வேறு கட்டலாம். கேவலம் ஒன்றும் இல்லை. கோர்ட்டும் கச்சேரியும் பார்த்தவர்களுக்கு இது நல்ல வழியாகக்கூடத் தோன்றும். பல இடங்களில் நல்ல வழியாகவும் இருந்திருக்கிறது. இங்கே முறிய வேண்டியது முறிகிறதா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

மூத்த அம்மா அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். “நீ போ” என்றார். “நான் எப்படிங்க தனியா...” என்றேன். “ரெண்டு பேரையும் ஒரு எடத்துல வச்சு, நீ சும்மா இரு. அது போதும். ஒன்னால முடியாது, இருந்தாலும் போ.” அவர் ஆசீர்வாதம் செய்கிற விதம் அது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆலமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. ஊர்ப் பெரியவரை அம்பலம் என்பார்கள். அவர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் அடைக்கனும் அவன் பங்காளிகளும். எதிர்ப்பக்கம் வைரக்கண்ணுவும் அவன் ஆட்களும். சின்னப்பொண்ணு பெண்களுக்குப் பின்னால், முதுகைக் காட்டி.

வைரக்கண்ணு பேசிக்கொண்டிருந்தான். “பொழுது சாஞ்சா காணோம்னா அது குடும்பமா? கேட்டா வாயத் தொறக்குறதில்ல. ஊமைக்கா கட்டிக்குடுத்தோம்?”

அடைக்கனின் பங்காளி ஒருவர் எழுந்தார். “ஒங்க தங்கச்சி மட்டும் பாட்டுப் பாடுச்சா? வீட்டுக்குள்ள ஒரு மனுசன் வந்து நிக்கிறான்னு தலை தூக்கிப் பாத்துச்சா?”

“ஏய், பாத்துப் பேசு!”

அடைக்கன் தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முழங்கையிலும் விரல்களிலும் கீறல்கள் இருந்தன. வேலி கட்டுகிறவன் கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அம்பலத்திடம் போய், துரும்பு கொடுக்கும் முன் இருவரிடமும் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். அவர் பங்காளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்களை அங்கே டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். “டீச்சரம்மா, எல்லாம் பேசியாச்சு. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாக.”

“ரெண்டு பக்கமும் பேசிட்டாங்க. அந்த ரெண்டு பேரும் பேசலீங்களே.”

“அவுக என்னத்தப் பேசப் போறாக?” என்றார். பிறகு, “சரி, வெயில் ஏறுறதுக்குள்ள முடிங்க” என்றார்.

பள்ளிக்கூடக் கொட்டகையில் யாரும் இல்லை. மூவரும் உள்ளே போனோம். நான் கதவுப் பக்கம், ஓரமாக உட்கார்ந்தேன். அவன் ஒரு தூணருகில். அவள் எதிர்ச்சுவரைப் பார்த்து. நான் சொன்னது இவ்வளவுதான்: “வெளியில ஒங்களுக்காக எல்லாரும் பேசிட்டாங்க. இங்க நான் பேசப் போறதில்ல. புள்ளையப் பத்தி ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேக்க வேண்டியது ஏதாவது இருந்தா கேளுங்க.”

அவ்வளவுதான். அதன்பின் சத்தமே இல்லை.

நீங்கள் இப்படி உட்காரும்போது ஒன்றைத் தெரிந்துகொள்வீர்கள். மௌனம் நம்மைத்தான் முதலில் நெருக்கும், அவர்களை நெருக்காது. அவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். எனக்கு நாக்கு அரித்தது. “அடுத்த பிள்ளை பிறக்கும்” என்று சொல்லத் தோன்றியது. “கடவுள் சித்தம்” என்று சொல்லத் தோன்றியது. அவளைத் தொட்டுத் தேற்றத் தோன்றியது. அப்போது என் மகளுக்கு ஏழு வயது. அவள் முகம் நினைவுக்கு வந்து எனக்கே அழுகை முட்டியது. வெளியிலிருந்து ஒரு ஆள் தலையை நீட்டி, “அம்பலம் கேக்குறாக, ஆச்சான்னு” என்றான். கையைக் காட்டி அனுப்பினேன். இங்கே ஒன்றும் நடக்காவிட்டால் மாதர் சங்கம் என்ற பெயரில் நான் அந்த ஊருக்குள் மறுபடி நுழைய முடியாது.

சின்னப்பொண்ணு சுவரிடம் பேசுவதுபோல என்னிடம் சொன்னாள்: “முள்ளு வச்சாகளான்னு கேளுங்க.”

எனக்குப் புரியவில்லை. அடைக்கனுக்குப் புரிந்தது. அவன் உடம்பு நிமிர்ந்தது. பிறகுதான் எனக்கும் விளங்கியது. புதைத்த குழந்தையை நரி தோண்டும். அதற்காக மேலே முள்ளை வெட்டிப் போட்டு வைப்பார்கள். இத்தனை மாதமாக அவள் சுவரைப் பார்த்து நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அந்தப் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் மனைவி கணவனிடம் நேராகப் பேச மாட்டாள். மூன்றாவது ஆளிடம் சொல்வாள், அவர் எடுத்துச் சொல்வார். நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே கடினமானது அது.

அவள் திரும்பினாள். முதன்முதலாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“வச்சீங்களா?”

“வச்சேன்.” அவன் குரல் உடைந்தது. “மழை பெஞ்சா சரிஞ்சுருது. ஆடு இழுத்துப்புடுது. தெனமும் போயிப் பாத்து வைக்கிறேன்.”

“தெனமுமா?”

“பொழுது சாஞ்சதும் போவேன். அப்பத்தான நரி வரும்.”

அவள் கொஞ்சநேரம் அவன் கைகளையே பார்த்தாள். “எங்கிட்டச் சொல்லலியே.”

“நீ அதைக் கேட்டா செத்துருவேன்னு எல்லாரும் சொன்னாக. புள்ளை பேரையே எடுக்கக் கூடாதுன்னாக.” அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். “நீ என்னைய ஏறெடுத்துப் பாக்கல. நான் தூக்கிட்டுப் போயி மண்ணுல வச்சேன்ல. அதான் என்னையக் கண்டா வெறுப்புன்னு நெனச்சேன்.”

“நான் நீங்க மறந்துட்டீகன்னு நெனச்சேன்.”

அதற்கு மேல் அவர்கள் பேசியது முழுவதும் எனக்கு நினைவில்லை. நான் கேட்கவும் முயலவில்லை. இருவரும் அழுதார்கள். அவன் அழுது ஊரில் யாரும் அதுவரை பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். எழுந்து அவன், “வா, காட்டுறேன்” என்றான்.

வெளியே வந்தபோது கூட்டம் அமைதியானது. இருவரும் கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பியதும் அம்பலத்துக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். “ஏய் அடைக்கா, எங்கிட்டுக் கூட்டிட்டுப் போற? பொம்பள அங்கிட்டுப் போகக் கூடாது.”

அடைக்கன் நின்றான். அவள் முகம் வெளுத்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊர் வழக்கத்தோடு மோதக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். மோதினால் நாளைக்குத் தடுப்பூசிக்குக்கூட ஒரு குழந்தையைக் கொண்டுவர மாட்டார்கள். வழக்கம் தவறு என்று நான் சொல்லவில்லை. என் வாயில் வந்ததைச் சொன்னேன்: “அய்யா, நீங்களும் புள்ளை பெத்தவுகதானே. தாயி கேக்குறா, எங்க படுத்திருக்குன்னு. நீங்களே ஒரு பதில் சொல்லுங்க. நான் போயி அதைச் சொல்றேன்.”

அம்பலம் கண்மாய்ப் பக்கம் பார்த்தார். அவருக்கும் எங்கோ ஒரு கண்மாய்க்கரை இருந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வெயில் ஏறிருச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா” என்றார்.

“அப்ப துரும்பு?” என்றான் வைரக்கண்ணு.

“ஒனக்கு மாட்டுக்குப் போட வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ.”

அவர்கள் முந்திரித் தோப்பு ஓரமாக நடந்து போனார்கள். நான் பின்னால் போகவில்லை.

கதை இத்தோடு நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அவர்களுக்கு அதன்பின் வேறு குழந்தை பிறக்கவில்லை. ஊரில் சிலர் அவள் அங்கே போனதால்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் பிரியவில்லை. அவள் ஒருமுறை என்னிடம், “அவுக அங்கிட்டுப் போறப்ப நானும் போறேன். போகாத அன்னைக்கு, போகலன்னு எங்கிட்டச் சொல்லிருவாக” என்றாள். இதற்கு மேல் ஒரு வீட்டில் வேறு என்ன பாதுகாப்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூத்த அம்மாவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். படுக்கையிலிருந்தபடி கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அது முள்ளைப் பத்திக் கேட்டுச்சே, அப்ப நீ வாயைத் தொறந்தியா?”

“இல்லீங்க.”

“அதான் நீ செஞ்ச வேலை. மிச்சமெல்லாம் அதுக செஞ்சது. பெருமை அடிச்சுக்கிட்டுத் திரியாதே. போயி எனக்குக் கஞ்சி வையி.”

இதை எழுதி வைத்துவிட்டு நேற்று ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தேன். மாப்பிள்ளை வந்தார். என் கணவர் பேப்பரை மடித்துவிட்டு அவரோடு பேசத் தயாரானார். நான் என் கணவரை உள்ளே கூப்பிட்டேன்.

“கடைக்குப் போகணும், வாங்க.”

“மாப்பிள்ளை வந்திருக்கறப்பயா? என்ன நெனைப்பாரு? கறி காலையிலேயே வாங்கியாச்சே.”

“கொத்துமல்லி வாங்கல.”

“கொத்துமல்லிக்கு ரெண்டு பேரா?”

“ஆமா. ரெண்டு பேரு.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம், “இருங்க, வந்துர்றோம்” என்றேன். அவர் பதறி எழுந்து, “நானும் வாரேன் அத்தை” என்றார். “வேணாம், நீங்க இருங்க” என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

கொத்துமல்லி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்! கோவில் தெருவைச் சுற்றினோம். யாரோ நலம் விசாரித்தார்கள், என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. என் கால்கள் வீட்டுப் பக்கமே இழுத்தன. அவள் அழுது மயங்கியிருப்பாளோ, அவர் கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பாரோ. ஊரார் வீட்டில் ஓரமாக உட்கார்ந்தவள், சொந்த வீட்டு வாசலுக்குள் நுழைய ஓடினேன்.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மகளின் குரல் கேட்டது.

“மொகம் யாரு மாதிரி இருந்துச்சு?”

நாற்காலி நகர்ந்தது.

“மூக்கு ஒன்னோடது” என்றார் மாப்பிள்ளை. “மத்ததெல்லாம்... நான் சரியாப் பாக்கல புஷ்பம். கண்ணு மறைச்சுருச்சு.”

பிறகு இரண்டு பேரும் அழுகிற சத்தம்.

நான் பார்த்திருந்தேன். பிறந்தவுடன் என் கையில்தான் கொடுத்தார்கள். நெற்றி எப்படி இருந்தது, விரல்கள் எப்படி இருந்தன, உதடு யாருடையது, எல்லாம் எனக்குத் தெரியும். கேட்கிற என் மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல என்னால் முடியும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. என் கணவர் கதவைத் தள்ளக் கை வைத்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“உள்ள போகலாமா?” என்றார் மெதுவாக.

“இன்னும் கொஞ்சநேரம்.”

ஈஸ்டருக்கு அவள் போவாளா என்று இதை எழுதி முடிக்கும் இப்போதும் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வழக்கமாகத் திரும்பும் பஸ்ஸின் நேரம் வந்தது, போனது. உள்ளே யாரும் எழவில்லை. கொத்துமல்லி கையிலேயே வாடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் வெயிலில் நின்றோம்.